கலைஞனுக்கு அடைக்கலம்

அரசவையின் சம்பளத்தை நாடாமலும், மடத்தின் மானியத்தை எதிர்பாராமலும், முதலாளியின் கட்டளைக்கு எழுதாமலும் தன் மனம் விரும்பும் கலையைத் தானே செய்ய முனைகின்ற ஒருவன், எதை உண்டு வாழ்வான்? அவனைத் தாங்குவோர் யார்? தாங்குவோருக்கு அவன்மீது உண்டாகும் உரிமை எவ்வளவு? தாங்கியவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு நடப்பானாயின் அவன் கலைஞனாக இருப்பானா? கேளாது விடுவானாயின் நன்றி கொன்றவன் ஆவானா?

இவை இன்று புதிதாகப் பிறந்த வினாக்கள் போல் தோன்றும். கைப்பேசியில் பாடிப் பதிவிடும் இளைஞனும், தன் கவிதை நூலைத் தானே அச்சிட்டு விற்கும் பெண்ணும், ஓவியத்தை இணையத்தின் வழியே உலகுக்குக் காட்டும் தொழிலாளியும் தமக்கென ஓர் ஆதரவாளர் கூட்டத்தைத் திரட்ட முயல்கின்றனர். அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஆண்டுக்கு நூறு டாலர் கொடுக்க விரும்பும் உண்மை ரசிகர் ஆயிரம் பேர் இருந்தால் ஒரு கலைஞன் யார் தயவும் இன்றி வாழலாம் என்றார் அவர். 2013இல் ஜாக் காண்டி என்னும் இசைக்கலைஞர் தம் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய 'பேட்ரியான்' நிறுவனம் இக்கருத்தையே ஒரு தொழிலாக்கியது. கணக்குச் சரிதான். ஆனால் கணக்கு முடிகின்ற இடத்தில்தான் அறம் தொடங்குகிறது. அந்த ஆயிரம் பேரும் கலைஞனுக்கு யார்? அவர்களுக்கு அவன் யார்?

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குச் சென்றால் போதும்.

புகலூர்

திருமானூருக்கு அணித்தே, கொள்ளிடத்திற்கு வடபால் அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. அங்குள்ள அடைக்கல அன்னை ஆலயம் பலரும் அறிந்தது. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் இலக்கியப் பெயரும் உண்டு. தஞ்சை நாட்டில் கிறித்தவர்களுக்கு இடர் நேர்ந்த காலத்தில் அவர்கள் ஆற்றைக் கடந்து வந்து இங்குப் புகல் அடைந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. காவல், அடைக்கலம் என்னும் இரு சொற்களும் இவ்வூரின் பெயரோடு ஒட்டிக்கொண்டமைக்கு அதுவே காரணம் என்பர்.

இவ்வூரைத் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைபெறச் செய்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனேயில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1710இல் இந்தியா வந்து, பின் தமிழகம் புகுந்தார். முப்பது வயதில் முற்றிலும் அந்நிய மொழி ஒன்றின் நெடுங்கணக்கைத் தொடங்கிய அவர், 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். தொன்னூல் விளக்கம் என்னும் ஐந்திலக்கண நூலையும், 1732இல் சதுரகராதியையும் தந்தார். திருக்காவலூர்க் கலம்பகம் இவ்வூர் அன்னைமீதே பாடப்பெற்றது.

அவரைத் தனித்தியங்கிய கலைஞர் என்று சொல்லலாமா என ஒருவர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அவர் இயேசு சபையைச் சேர்ந்த துறவி. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய அமைப்பு இருந்தது. ஆயினும் சபை அவருக்குச் சமயப் பணியைத்தான் பணித்தது. தமிழ்ப் புலவராக அவரை ஏற்பதோ மறுப்பதோ ரோமாபுரியின் கையில் இல்லை. அதைச் செய்யும் தகுதி தமிழ்ப் புலமை உலகிற்கே இருந்தது. அவ்வுலகில் அவர் உற்றார் உறவினர் அற்றவர். மொழியால், நாட்டால், சமயத்தால் புறத்தே நின்றவர். அங்கே தமக்கென ஒரு சூழலை அவர் எங்ஙனம் உண்டாக்கினார் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

முதலில் அவர் மாணவராக அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் கற்பித்தார் என்பது மரபு. பிறகு தாம் கற்றதைப் பிறருக்கு எளிதாக்கினார். ஏலாக்குறிச்சியில் உபதேசியார்களுக்குத் தமிழ் பயிற்றினார். சதுரகராதியின் சிறப்பை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு முன் சொற்பொருள் அறிய விரும்பியவன் நிகண்டுகளை ஆசிரியரிடம் பாடங்கேட்டு நெட்டுருச் செய்ய வேண்டியிருந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்பாக, அகர வரிசையில் சொற்களை அடுக்கித் தந்தவுடன், எழுத்தறிந்த எவனும் சொற்களஞ்சியத்தின் கதவைத் தானே திறக்கும் நிலை பிறந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்திக் காட்ட அவர் செய்த திருத்தமும் அத்தகையதே. இன்று தமிழ் எழுதும் ஒவ்வொரு கையும், தான் அறியாமலே அவரது சுற்றத்தைச் சேர்ந்த கையாகிறது.

இதிலிருந்து பெறும் முதற்பாடம் இது: கலைஞன் தனக்கென ஒரு கூட்டத்தைத் திரட்ட விரும்பினால், கேட்பதற்கு முன் கொடுத்தல் வேண்டும். தன்னைப் புகழும் வாய்களைத் தேடுபவனுக்குக் கிடைப்பது கும்பல். பிறர் கைக்குக் கருவி தருபவனுக்குக் கிடைப்பது சுற்றம். கும்பல் கலையும்; சுற்றம் தலைமுறை கடக்கும்.

ஒரு தூணும் பல தூண்களும்

வீரமாமுனிவரின் வரலாற்றை 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதினார். நவாபு சந்தா சாகிபு முனிவரைப் போற்றினார் என்றும், 'இஸ்மத் சந்நியாசி' என்னும் பட்டமும் சில ஊர்களின் வருவாயும் அவருக்கு வழங்கினார் என்றும் கூறும் வழக்கு அவ்வரலாற்றின் வழியே பரவியது. இதற்குச் சான்று போதாது என்று ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். உண்மை எதுவாயினும், முஸ்லிம் நவாபு ஒருவர் கிறித்தவத் துறவி ஒருவரின் தமிழை மதித்ததாக நம் முன்னோர் நம்ப விரும்பினர் என்பதே நமக்கு ஒரு செல்வமாகும்.

ஆனால் சந்தா சாகிபின் கதி என்ன? 1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினர். அவர் சிறைப்பட்டுச் சதாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அரண்மனை தரும் ஆதரவு அரண்மனை நிற்கும் வரையில்தான் நிற்கும். ஒற்றைத் தூணில் நிற்கும் கூரை, தூண் சாயும் நாளில் சாய்கிறது.

நம் இலக்கியத்திற்கும் இவ்வுண்மை புதிதன்று. உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடத் தொடங்கியது கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் என்பர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' எனப் பழமொழியில் வாழும் அவ்வள்ளல், காப்பியம் நிறைவுறுமுன் மறைந்தார். அப்பெருந்தூண் சாய்ந்தபின் காப்பியம் என்னவாயிற்று? பரங்கிப்பேட்டையில் அபுல்காசிம் மரைக்காயர் தோள் கொடுத்தார். அவர் பெயர் சீறாவில் பல இடங்களில் நன்றியோடு பாடப்பெறுகிறது. சீதக்காதியின் பெயரோ அதில் காணப்படவில்லை. அதற்குக் காரணம் கூறும் கதைகள் பல. ஆயினும் தம் பெயர் இடம்பெறாத நூலுக்காகவும் மக்கள் சீதக்காதியை நினைக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். ஈகையின் உயர்ந்த நிலை அதுவன்றோ? கொடுத்ததைச் சொல்லிக் காட்டிப் பெற்றவனை நோகச் செய்தால் கொடையே பாழாகும் என்பது திருமறை தரும் எச்சரிக்கை. கலைக்குக் கொடுப்போர் முதலில் நெஞ்சில் எழுத வேண்டிய விதி அதுவே.

உமறு விட்ட இடத்திலிருந்து பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவைப் பாடினார். ஓலையில் இருந்த சீறாவை 1842இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் அந்நூலைக் காத்தவர் யார்? ஓலையைப் பெயர்த்தெழுதியவர்கள், ஊர்ச் சபைகளில் பாடிப் பொருள் சொன்னவர்கள், விளக்கின் அருகே அமர்ந்து கேட்டவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். வள்ளல் இல்லாமல் சீறா தொடங்கியிருக்காது. பெயரறியாச் சுற்றம் இல்லாமல் அது நம்மை வந்து அடைந்திருக்காது.

ஊர் கூடித் தாங்கிய குடும்பம்

வள்ளல் ஒருவர் தாங்குவது ஒரு முறை. ஊரே கூடித் தாங்குவது மற்றொரு முறை. இரண்டாம் முறையின் சிறந்த சான்றும் இந்த அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்திலேயே கிடைக்கிறது. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தோர் அதனை அறிவர்.

1855இல் பிறந்த அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீதமும் இராமாயணப் பிரசங்கமும் வல்லவர். உடையார்பாளையம் சமஸ்தானத்துச் சங்கீத வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். நிலையான ஊதியம் இல்லாத அக்கலைஞர், மனைவி மக்களுடன் அரியலூர், குன்னம், கார்குடி என ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அவ்வூர்களின் உழவரும் உடையாரும் ஐயங்காரும் ரெட்டியாரும் அவருக்கு இருக்க இடமும் உண்ண நெல்லும் அளித்தனர். அத்துடன் நின்றனரா? அவருடைய மகனுக்குத் தமிழும் கற்பித்தனர். அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் ஆகியோர் அந்த இளைஞனுக்கு ஆசான்கள் ஆயினர். பின்னர்த் திருமணக் கடன் அக்குடும்பத்தை அழுத்தியபோது, காரை என்னும் ஊரில் அவ்விளைஞரே திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்ய, ஊரார் கேட்டு மகிழ்ந்து உதவினர்.

இங்கே பிச்சை இல்லை, ஏவலும் இல்லை. கலைஞன் தன்னிடம் உள்ளதைத் தந்தான். ஊர் தன்னிடம் உள்ளதைத் தந்தது. நெல் உள்ளவன் நெல் தந்தான். இலக்கணம் அறிந்தவன் இலக்கணம் தந்தான். பலரிடம் சிறிது சிறிதாகப் பட்ட கடன் ஆதலின் எவரும் அக்குடும்பத்தை விலைக்கு வாங்கவில்லை. சுதந்திரம் என்பது கடனே இல்லாத நிலை என்று நாம் எண்ணுகிறோம். அவ்வாறு வாழ்ந்த மனிதன் உலகில் இல்லை. தனியொருவன் தன்னைச் சிறைப்பிடிக்க இயலாத அளவுக்குக் கடனைப் பலரிடம் பகிர்ந்து வைத்திருப்பதே கலைஞனுக்கு இயன்ற சுதந்திரம்.

அந்த மகன் வளர்ந்து சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோதும் இதே வழியைக் கையாண்டார். நூல் வெளிவருமுன்னரே அன்பர்களிடம் கையொப்பம் பெற்று, பொருள் திரட்டி, 1887இல் அச்சிட்டு முடித்தார். சமண நூலாகிய அதில் விளங்காத பகுதிகளைக் கும்பகோணத்துச் சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். சைவர் ஒருவர் சமணக் காப்பியத்தைக் காக்க, சமணர் அவருக்கு விளக்கம் சொல்ல, பல சமயத்தாரும் கையொப்பமிட்டுப் பொருள் கொடுக்க, அந்நூல் பிறந்தது. ஆதரவு என்றதும் பணத்தை மட்டும் நினைப்போர் இதை எண்ண வேண்டும். தெரியாத ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னவரும் புரவலரே.

சுற்றம் வாராத போது

வழி நல்லதாயினும் எல்லாருக்கும் அது திறந்துவிடவில்லை. பாரதியார் 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக வெளியிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனாகப் பொருள் கோரி மடல் விடுத்தார். நாடு செவி சாய்க்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்தில் பிறந்த கவிஞர் அவர். ஓர் அபுல்காசிம் மரைக்காயர் அவருக்கு வாய்க்கவில்லை. பிற்காலத்தில் சிலைகளும் மண்டபங்களும் எழுப்பினோம். பசித்தவன் வாழும்போது நெல் கொடுப்பதும், இறந்தபின் பளிங்கு கொடுப்பதும் ஒன்றாகுமா?

சி. சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்தினார். நூல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவருடைய வாசகர் தொகை சிறிது. ஆனால் தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை அச்சிறு கூட்டத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. எனவே கூட்டத்தின் அளவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதும் தவறு. கேட்போர் பல்லாயிரவராக இருந்தும் எதுவும் விளையாத நிலங்கள் உண்டு. நூற்றுவர் மட்டுமே கேட்டும் விளைந்த நிலங்கள் உண்டு.

கேள்வியும் தடையும்

இனி, இவ்வினாவின் கடினமான பகுதிக்கு வருவோம். தாங்கிய கூட்டமே கலைஞனை நசுக்க முற்பட்டால் என் செய்வது?

பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட 'மாதொருபாகன்' நாவலுக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டுப் பகுதியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வழி திறந்தது. எதிர்த்தோர் அந்நியர் அல்லர். அவர் மண்ணின் மக்கள். எந்த ஊரைத் தம் எழுத்தில் வாழவைத்தாரோ அந்த ஊரிலிருந்தே எதிர்ப்புப் புறப்பட்டது.

இதை ஒரு சாதிக்கோ ஓர் ஊருக்கோ உரிய நோய் என ஒதுக்கிவிடலாகாது. நம் ஜமாஅத்துகளும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் நமக்கு உவப்பில்லாத ஒன்றை எழுதினால், அவனை அழைத்துப் பேசுகிறோமா, அல்லது அவனோடு பேசுவதையே நிறுத்துகிறோமா? நம்மைப் புகழும் வரைக்கும் 'நம் கவிஞர்' என்று அணைத்து, குறை சொன்ன நாளில் கைவிடுவோமாயின், நாம் அளித்தது அடைக்கலம் அன்று, கூலி.

அப்படியாயின் சமுதாயம் வாய்மூடி இருத்தல் வேண்டுமா? வேண்டியதில்லை. நம் முன்னோர் இதற்கு ஒரு நல்ல வழி வகுத்திருந்தனர். அரங்கேற்றம் என்பது அதன் பெயர். புலவன் தன் நூலை அவையில் பாடுவான். கற்றோர் தடை எழுப்புவர். 'இச்சொல் இங்குப் பொருந்துமா? இவ்வணி வழுவன்றோ?' எனக் கேட்பர். புலவன் விடை கூறுவான், அல்லது திருத்துவான். அவையில் வினா எழுப்புவது பகைமையாகக் கருதப்படவில்லை. நூலை முழுதும் கேட்டதற்கு அதுவே சான்றாயிற்று. 'நீ சொன்னது தவறு, ஏனெனில்…' என்பது அரங்கேற்றத்தின் குரல். 'இதை நீ சொல்லவே கூடாது' என்பது கூட்டத்தின் குரல். முன்னது கலைஞனை வளர்க்கும். பின்னது அவனை ஊமையாக்கும். நூலைப் படித்துவிட்டு மறுப்பவனுக்கு நம் அவையில் இடம் உண்டு. படியாமல் கல்லெறிபவனுக்கு இடமில்லை என்று ஒரு சமுதாயம் உறுதி பூண்டால், பாதி வழக்குகள் தாமே தீரும்.

மறுபக்கத்து ஆபத்தையும் மறைத்தலாகாது. கலைஞனின் வாயை அடைப்பது வசை மட்டுமா? கைதட்டலும் அடைக்கும். ஆயிரம் பேர் ஒரு பாட்டைப் பாராட்டினால், அடுத்த பாட்டும் அதைப் போலவே இருக்கட்டும் என்னும் ஆசை எழுகிறது. நாளடைவில் அவன் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பாடுவான். நவாபின் புருவத்தைப் பார்த்துப் பாடியவனுக்கும் இவனுக்கும் வேறுபாடு ஒன்றே: அவனுக்கு எசமானர் ஒருவர், இவனுக்கு ஆயிரவர். இன்று ஒவ்வொரு நொடியும் பாராட்டை எண்ணிக் காட்டும் கருவிகள் கையிலேயே இருப்பதால் இச்சோதனை முன்னைவிடக் கடுமையாகிறது. உள்ளத்தின் தூய்மையைக் குறிக்க நாம் வழங்கும் 'இக்லாஸ்' என்னும் சொல் தொழுகைக்கு மட்டும் உரியதன்று. எவரும் கேளாத அறையில் பாடும்போதும் அதே சுருதியில் நிற்கிறானா என்பதே பாடகனின் இக்லாஸ்.

இரு பக்கக் கடமை

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் இரு பக்கத்தார்க்கும் உரிய கடமைகள் தெளிவாகும்.

கலைஞன் முதலில் கொடுக்க வேண்டும். தான் பெற்ற உதவியை மறைக்காமல் சொல்ல வேண்டும். உ. வே. சா. தம் பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு தந்தவரையும் பொருள் தந்தவரையும் பெயர் சுட்டி நன்றி கூறியது வெறும் மரியாதை அன்று, அது கணக்கொப்புவித்தல். நன்றி சொல்வதற்கும் துதி பாடுவதற்கும் இடையே உள்ள கோட்டை அவன் அறிந்திருக்க வேண்டும். தன்னைப் போன்ற பிற கலைஞனுக்குத் தானும் தோள் கொடுக்க வேண்டும். தனக்கு மட்டும் கூட்டம் சேர்ப்பவன், சந்தையில் கடை விரித்தவனே ஆவான்.

சமுதாயம் காலத்தோடு கொடுக்க வேண்டும். கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதிருக்க வேண்டும். இலவசப் பிரதி கேட்பதை விட்டு விலை கொடுத்து வாங்குவதும், வாங்கியதைப் படிப்பதும், படித்ததை மற்றொருவருக்குச் சொல்வதும், தவறு கண்டால் முகத்துக்கு நேரே அன்போடு சொல்வதும் யாவர்க்கும் இயன்றவை. இவற்றுக்கு வள்ளலாக வேண்டியதில்லை. வாசகனாக இருந்தால் போதும்.

அடைக்கலம் என்னும் சொல்லுக்குள் ஓர் அறம் அடங்கியிருக்கிறது. அடைக்கலம் வந்தவனை உடைமையாகக் கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. அவன் உயிருக்கும் மானத்துக்கும் காவலாக நிற்பதே அடைக்கலம் தந்தவனின் கடன். அவன் நாளை எழுந்து தன் வழியே செல்ல விரும்பினால் வழிவிடுவதும் அக்கடனில் அடங்கும். பரங்கிப்பேட்டை மரைக்காயரும், குன்னத்து உடையாரும், சீறாவைப் பெயர்த்தெழுதிய பெயரறியாக் கைகளும் இதனைச் சொல்லாமலே செய்து காட்டினர். கலைக்கு நாம் செய்யும் உதவி அத்தகையதாக இருந்தால், நம் காலத்து உமறு பாதியில் நிற்கமாட்டார். நம் காலத்துப் பாரதி மடல் எழுதி விடை காணாது மடியமாட்டார்.